என் கூறைச் சேலையில் உன் மாமியார்

கண்ணு,

நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் இந்தக் கடிதத்தில் எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பெருமை தராத இடங்களையும் விட்டுவிடப் போவதில்லை. பயிற்சி வகுப்பில் தமிழ் ஆசிரியை உறவினர் ஒருவருக்குக் கடிதம் எழுதிப் பழகி வரச் சொன்னார். என்னோடு உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகள் பொங்கலுக்கு ஊருக்கு வருவதாக மாமாவுக்கும், பரிசு அனுப்பியதற்கு நன்றி சொல்லி அத்தைக்கும் எழுதுகிறார்கள். உன்னைப் பெற்று வளர்த்துக் கல்யாணமும் செய்து வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ப்ளஸ் டூவைப் பிடித்திருக்கிற நான் வேறு யாருக்கு எழுதுவது? அடுத்த மாதம் நீயும் நிவேதாவும் பெங்களூருக்குக் குடிபோகிறீர்கள். போன பிறகு போனில் பேசுவோம். போனில் நீ "சாப்பிட்டீங்களாம்மா" என்பாய், நான் "ஆச்சு கண்ணு" என்பேன், பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். இதை வகுப்பின் ஆண்டு மலரில் போடலாமா என்று ஆசிரியை கேட்டார். போடட்டும் என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் படித்தால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. உனக்கும்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மாமியார் மேல் பொறாமை. இதற்கு மனவருத்தம் என்று பெயர் வைத்துப் பார்த்தேன், உடம்பு அசதி என்று நிவேதாவிடம் சொல்லிப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. பொறாமைதான். வயிற்றில் புளித்த மோர் நிற்பது போல அது மாதக்கணக்கில் என்னிடம் இருந்தது.

பழைய காலத்து உடையில் நம் பக்கத்துப் பெண்களைப் படம் எடுத்து, ஓவியம் போலப் பெரிதாக அச்சிட்டுக் காட்சிக்கு வைக்கப்போவதாக நீ சொன்னபோது எனக்குச் சரியாகப் புரியவில்லை. நாடக வேஷம் மாதிரியா என்று கேட்டேன். "வேஷம் இல்லீங்கம்மா. நூறு வருஷத்துக்கு முந்தி நம்ம பொம்பளைங்க எப்படி உடுத்துனாங்களோ, அச்சு அசலா அப்படி" என்றாய். அச்சு அசல் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறாமல் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். யாரும் எடுத்துப் பார்க்காத தடித்த புத்தகங்களில் மங்கிய படங்கள் இருந்தன. கொசுவத்தை முன்னால் வைக்காமல் பின்னால் வைத்து, முந்தியைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் செருகியிருக்கிற பெண்கள். ரவிக்கை கிடையாது. ஊக்கு கிடையாது. முடிச்சு ஒன்றுதான் அத்தனை துணியையும் தாங்குகிறது. அந்த முடிச்சு எங்கே விழ வேண்டும் என்று பீரோக் கண்ணாடி முன்னால் நின்று நானே கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டிக் கற்றுக்கொண்டேன். படித்ததை ராத்திரிச் சாப்பாட்டின்போது உனக்கு வாசித்தும் காட்டினேன். நீ சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாய். நீ அப்படிக் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

அப்புறம் நம் வீட்டு மாடி அறை ஸ்டுடியோ ஆனது. உக்கடத்தில் மீன் விற்கிற அக்கா வந்து நின்றார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் வந்தார். எல்லோருக்கும் நான்தான் சேலை கட்டிவிட்டேன். கட்டி முடித்ததும் நீ விளக்குக் குடையைத் திருப்பி வைப்பாய், நான் மூலையில் போய் நிற்பேன். அடுத்தது நானாகத்தான் இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன். நீ கேட்காததற்கு நானே உனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன். நல்லதைக் கடைசிக்கு வைத்திருக்கிறான், இலையில் அப்பளத்தை ஒதுக்கி வைத்துச் சாப்பிடுகிற பிள்ளைதானே என்று. ஒரு நாள் வந்து, "அம்மா, உங்க கூறைச்சேலை இருக்குதுங்களா?" என்று கேட்டாய். புதிதாக வாங்கினால் பளபளப்பு வந்துவிடும், பழைய நெசவுதான் வேண்டும் என்றாய். என் கல்யாணத்தில் நான் கட்டிய அரக்குச் சிவப்புக் கூறை. பெட்டியின் அடியிலிருந்து எடுத்து, மொட்டை மாடியில் நிழலில் உலர்த்தி, மடிப்பெல்லாம் கையால் நீவி வைத்தேன். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் நீ வந்து அதைப் பையில் வைத்தாய். "நாளைக்குக் காங்கேயம் போறமுங்கம்மா. நிவேதாவோட அம்மா நிக்கறாங்க, அவங்க தோட்டத்துக் காளையோட. நீங்களும் வந்து கட்டி உடுங்க."

வந்தேன். தேங்காய்ப் பருப்புக் காய்கிற களத்தை ஒட்டிய அந்த அறையில், என் கூறையை உன் மாமியாருக்குக் கட்டிவிட்டேன். அவருக்கு அது பொருந்தக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேதான் கட்டினேன். அவரோ சிரித்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க சம்மந்தி, இந்தக் கொசுவம் அவுந்துபோச்சுன்னா என்ற மானம் போயிருமுங்க. காளை வேற பக்கத்துல நிக்குது."

"அவுராதுங்க. நான் கட்டுனா அவுராது."

"அது செரி. காளையக் கட்டுனவனும் அப்படித்தானுங்க சொன்னான்."

பொருந்தியது கண்ணு. உயரமான உடம்பு, நெற்றி நிறையப் பொட்டு, தலை கொள்ளாத மல்லிகை. அந்த மயிலைக் காளையின் திமிலில் ஒரு கையை வைத்துக்கொண்டு அவர் நின்றபோது வேலைக்காரர்கள் கூட வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். காளைக்குக் கொம்பில் எண்ணெய் தடவி, கழுத்தில் மணி கட்டியிருந்தார்கள். எனக்கு முன்னால் அது உன் படத்தில் ஏறிவிட்டது. ஒரு மாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்பதையும் உண்மை எழுதுவதாகச் சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். அப்போதுதான் நீ கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா, செத்த அக்கட்ட வாங்க, நெழலு உழுகுது" என்றாய். நகர்ந்துகொண்டேன். நீ ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. வெயில் என் பக்கம் இருந்தது, என் நிழல் அவர் சேலை மேல் விழுந்தது. ஆனால் அந்தச் சொல்லை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

உன் கல்யாணத்தில் கேட்டேன். உன் அப்பா இல்லாததால், மாப்பிள்ளையின் தாய் நின்று செய்ய வேண்டியதையெல்லாம் உன் பெரியம்மா செய்தார். என்னை யாரும் கையைப் பிடித்துத் தள்ளவில்லை. நம் சனம் அப்படிச் செய்யாது. "அம்மணி, நீங்க செத்த அக்கட்ட உக்காருங்க, கால் வலிக்கும்" என்று மரியாதையோடுதான் சொன்னார்கள். கால் வலிக்காமலே போய் உட்கார்ந்தேன். பந்தி நடக்கிற கூடத்து வாசலில் இருந்து பார்த்தால் மணமேடையில் உன் தலைப்பாகை மட்டும் தெரிந்தது. உன் மாமியார் தன் மகளுக்குப் பக்கத்திலேயே நின்றார், மாலையைச் சரி செய்தார், கண்ணைத் துடைத்துவிட்டார். இது ஊர் வழக்கம், என் மகனுடைய வழக்கம் அல்ல என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். அதைச் சொல்லித்தான் சாப்பிட்டேன், அதைச் சொல்லித்தான் வந்தவர்களிடம் சிரித்தேன். ஆனால் படத்தில் ஊர் இல்லை. சீர் செய்கிறவர்கள் இல்லை. முகூர்த்தம் இல்லை. நீயும் உன் கேமராவும்தான். அங்கேயும் நீ அவரைத்தான் கூப்பிட்டாய், என் சேலையைக் கட்டி.

படம் அச்சாகி வந்தபோது நம் வாசற்கதவு உயரம் இருந்தது. பஞ்சில் செய்த தடித்த காகிதம், கை வைத்தால் துணி போல இருந்தது. கூறையின் சிவப்பு அப்படியே இறங்கியிருந்தது. அவ்வளவு நல்ல படம் நீ எடுத்ததே இல்லை. இதைக் காட்சியின் முன்சுவரில் வைக்கப்போகிறேன் என்றாய். எப்படி இருக்கிறது என்று கேட்டாய். "காளை நல்லா வந்திருக்குது" என்றேன். நீ சந்தோஷப்பட்டாய். நிவேதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கெட்டிக்காரி. பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை, உங்களையும் ஒண்ணு எடுக்கச் சொல்லட்டுங்களா?"

"எனக்கெதுக்குக் கண்ணு அதெல்லாம்."

"அப்புறம் எதுக்குங்க அத்தை அந்தக் கிண்ணத்தை இந்தத் தேய் தேய்க்கறீங்க? அடி ஓட்டையாயிரும்."

ஞாயிற்றுக்கிழமை என்னை மாடிக்குக் கூப்பிட்டாய். காலையிலேயே அரப்புத் தேய்த்துக் குளித்து, தலையை உலர்த்திக்கொண்டு வந்தேன். உன் மாமியாரும் காங்கேயத்திலிருந்து வந்திருந்தார், ஒரு கேன் தேங்காயெண்ணெயும் ஒரு டப்பா முறுக்குமாக. கறுப்புத் திரை கட்டியிருந்தாய். நாற்காலி மேல் ஒரு சேலை மடித்து வைத்திருந்தது. வெள்ளை.

"இது யாருக்குக் கண்ணு?"

"உங்களுக்குத்தானுங்கம்மா. அந்தக் காலத்துல இப்படித்தான உடுத்துனாங்க? நீங்கதான அந்தப் புத்தகத்துல இருந்து படிச்சுக் காட்டுனீங்க."

ஆமாம், படித்துக் காட்டினேன். கணவனை இழந்தவர்களுக்கு வெள்ளைச் சேலை, நகை கிடையாது, பூ கிடையாது. நான் வாசித்ததை நீ மறக்கவில்லை. கறுப்புத் திரைக்கு முன்னால் வெள்ளை எப்படி நிற்கும், பக்கவாட்டு வெளிச்சம் மடிப்புகளில் எப்படி விழும் என்று ஆசையோடு கையை வீசிச் சொல்லிக்கொண்டே போனாய். நல்ல படமாகத்தான் வந்திருக்கும். அதுவும் எனக்குத் தெரிந்தது. உன் அப்பா போன பதினாறாம் நாள் இப்படி ஒரு சேலையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த நீ அதைச் சுருட்டி எடுத்து, "எங்கம்மா இதைக் கட்டமாட்டாங்க" என்று உன் பெரியப்பா மடியிலேயே வைத்தாய். காரமடையிலிருந்து வந்திருந்த அத்தனை சனமும் பார்த்தது. அன்றைக்கு நீ அப்படிச் செய்ததால்தான் நான் இன்றைக்குப் பச்சையும் ஊதாவும் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய் வருகிறேன். அதை உனக்கு ஞாபகப்படுத்தினேன். "அன்னைக்கு வேண்டாம்னு நீதான் திருப்பிக் குடுத்தே. இன்னைக்குப் படத்துக்குன்னா நான் கட்டோணுமா?" என்று கேட்டேன்.

உன் முகம் சிவந்துவிட்டது. "செரிங்கம்மா. அப்ப எது கட்றீங்க?"

"கூறைச் சேலை."

நீ விளக்கின் ஒயரைக் குனிந்து சரி செய்தாய். சரியாக இருந்த ஒயர் அது. "பெரியப்பா பாத்தா என்ன நினைப்பாருங்களோ" என்றாய். உன் மாமியார் படிக்கட்டில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க மாப்ள, நீங்க எடுக்கறது நூறு வருஷத்துக்கு முந்திப் படமுங்களா?"

"ஆமாங்க அத்தை."

"நூறு வருஷத்துக்கு முந்தி சம்மந்தி பொறக்கவே இல்லீங்களே. பொறக்காதவிங்களுக்கு வெள்ளைச் சீலை எங்கிருந்துங்க வந்துச்சு?"

நிவேதா சிரித்துவிட்டாள். நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அது நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். அத்தனை புத்தகம் படித்தவள் நான். அதையும் அவரே சொல்லிவிட்டார். போதாததற்கு, எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு கூறையை அவரே எனக்குக் கட்டிவிட்டார். காங்கேயத்தில் நான் ஒரு தடவை கட்டியதை வைத்தே கற்றுக்கொண்டிருக்கிறார். முடிச்சு சரியான இடத்தில் விழுந்தது, நான் கட்டுவதைவிட இறுக்கமாக. "மூச்சு உடுங்க சம்மந்தி, மூச்சு உடுங்க, படத்துல ஊதாம இருந்தாப் போதும்" என்றார். நிவேதா குங்குமச் சிமிழைத் திறந்தாள். என் கை அதைத் தடுக்கப் போய்ப் பாதியில் நின்றது. சின்னதாக வை என்றேன். வைத்தாள்.

எப்படி நிற்க வேண்டும் என்று மாதக்கணக்கில் கண்ணாடி முன்னால் பார்த்து வைத்திருந்தேன். கேமராவுக்கு முன்னால் எல்லாம் மறந்துவிட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கத்தில் தொங்கவிட்டேன். நீ எடுத்துக்கொண்டே இருந்தாய். முடித்துவிட்டுத் திரையில் பார்த்தாய், எனக்குக் காட்டாமல் கேமராவைப் பையில் வைத்தாய். நன்றாக வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டே கீழே வந்து உங்களுக்கெல்லாம் இட்லி ஊற்றினேன்.

காட்சி தொடங்கிய அன்று ரேஸ் கோர்ஸ் பக்கத்து அந்தக் கூடத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது, என் படத்தையும் அதே அளவில், அதே காகிதத்தில் அச்சிட்டுச் சட்டம் போட்டிருக்கிறாய் என்று. தெரிந்த இடம் பின்னறை. காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. "பெரியப்பா வந்து பாத்துட்டுப் போயிரட்டுங்கம்மா. அப்புறம் மாட்டிப்போடறேன்" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல். நான் சரி என்றேன். அப்படிச் சொன்னதற்கு நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

உன் பெரியப்பா வெள்ளை வேட்டியும் துண்டுமாக வந்தார். எல்லாப் படத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். முன்சுவரில் இருந்த உன் மாமியார் படத்துக்கு முன்னால் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டார். காளையின் சுழி எப்படி, பல் எத்தனை, வண்டிக்குப் பழக்கியதா என்று உன் மாமியாரிடம் விசாரித்தார். காப்பி வந்தது, குடித்தார். மறுபடி திமிலைப் பற்றி ஆரம்பித்தார். நீ வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாய். வந்தவர்கள் எல்லாம் உன் மாமியாரோடு நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். "அச்சு அசல் அந்தக் காலத்து ராணியாட்டவே இருக்கறீங்க" என்று ஒரு பெண் சொன்னாள். என் சேலை அது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதைவிட வேறொன்று செய்தேன். உன் பெரியப்பாவின் நாற்காலிப் பக்கம் போனேன்.

"மாமா, உள்ள ஒரு படம் இருக்குதுங்க. பாத்துப்போட்டு வரலாம் வாங்க."

நீ ஓடி வந்தாய். "அம்மா, அது இன்னும் ரெடியாகலைங்க" என்றாய். நான் பின்னறைக் கதவைத் திறந்து, சட்டத்தைத் திருப்பி வைத்தேன். நானும் அப்போதுதான் பார்க்கிறேன். பெரியப்பா கண்ணாடியை எடுத்துத் துண்டில் துடைத்து மாட்டிக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். உன் உதடு காய்ந்திருந்தது, நீ அதை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டே இருந்தாய்.

"பொட்டு பத்தாது அம்மணி" என்றார்.

"என்னங்க மாமா?"

"அந்தக் காலத்துப் பொம்பளைங்க இத்தனூண்டா பொட்டு வெச்சாங்க? இவ்வளவுக்கு இருக்கோணும்." கட்டை விரலைக் காட்டினார். பிறகு உன் பக்கம் திரும்பி, "ஏஞ்சாமி, எல்லாம் அச்சு அசலுன்னு வெளிய எழுதிப் போட்டிருக்கறே, இதைக் கோட்டை உட்டுட்டியே. அது போகுது, இதை எதுக்கு இங்க கவுத்து வெச்சிருக்கறே? செவுத்துல ஆணி இல்லையா?" என்றார்.

 அவர் மனசில் என்ன ஓடியது என்று எனக்கும் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் பெரியம்மாவிடம் என்ன சொன்னாரோ. நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

கண்ணு, உனக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு நான் பெரிய ஆளில்லை. பரீட்சைக்குப் படிக்கிறவள். ஆனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். பெரியப்பா என்ன நினைப்பார் என்று நீயே நினைத்துக்கொண்டாய். கூறை கட்டச் சொன்னால் அம்மாவுக்குச் சங்கடமாக இருக்கும் என்றும் நீயே நினைத்துக்கொண்டாய். யாரையும் கேட்கவில்லை. நிவேதாவிடம் அப்படி இருக்காதே. அவளுக்கு இது பிடிக்காது, அது வேண்டியிருக்காது என்று நீயாகவே தீர்மானித்து அவளை ஒதுக்கி வைக்காதே. கேள். வேண்டாம் என்றால் அவள் சொல்லட்டும். அவள் "எனக்கெதுக்கு" என்று சொன்னாலும் இன்னொரு முறை கேள், ஏனென்றால் நம் வீட்டுப் பெண்கள் நாங்களெல்லாம் முதல் தடவை அப்படித்தான் சொல்வோம். நானும் கேட்டிருக்க வேண்டும். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இத்தனை மாதம் ஒரு நல்ல மனுஷியைப் பார்த்து நான் புழுங்கியிருக்க வேண்டாம். கேட்டேன், கடைசியில். கூட்டம் கலைந்து கூடத்தில் நாம் நாலு பேர்தான் இருந்தோம்.

"முன்சுவத்துல என்ற படத்தை மாட்டு கண்ணு" என்றேன்.

நீ உன் மாமியாரைப் பார்த்தாய்.

"என்னையென்ன பாக்கறீங்க மாப்ள, எடுங்க. நானும் காளையும் காலையில இருந்து நின்னுட்டிருக்கறோம்" என்றார் அவர்.

நீ ஸ்டூல் போட்டு ஏறினாய். உன் மாமியார் தன் படத்தைக் கீழே வாங்கிப் பக்கச் சுவரில் சாய்த்தார். நிவேதாவும் நீயும் என் படத்தைத் தூக்கி மாட்டினீர்கள், கோணலாக இருக்கிறது என்று இறங்கி, ஏறி, மறுபடி சரி செய்தாய். "இப்ப செரியாங்கம்மா?" என்று கேட்டாய். சுவரில் ஒருத்தி சிவப்புக் கூறையில், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, நேராகப் பார்த்து நின்றாள். எதையும் யாரிடமும் கேட்டு வாங்கியவள் போல அவள் தெரியவில்லை. உன் மாமியார் மேல் இருந்தது போய்விட்டது என்று நினைக்காதே, அது பாதியாவது இருக்கிறது. மீதிப் பாதி அந்த நிமிஷத்தில் சுவரில் இருந்தவள் மேல் போய்விட்டது. எனக்கு அவளைப் பார்த்தும் பொறாமையாக இருந்தது.

காவல்காரர் வந்து நேரமாகிவிட்டது என்றார். "ஒரு நிமிஷமுங்கண்ணா, எங்கம்மா பாத்துட்டிருக்கறாங்க" என்றாய் நீ. அவர் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் பார்த்து முடித்தேன். பிறகு அவர் பின்சுவரிலிருந்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். கடைசியாக முன்சுவர் விளக்குகளையும் அணைத்தார்.